உறை ஊற்றிய ஜாடி: அறுவை வார்டிலிருந்து ஆய்வகத்துக்கு வந்த ஒரு கேள்வி

எங்கள் நர்சிங் கல்லூரியில் நுண்ணுயிரியல் வகுப்பு முடிந்து மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் மேசை ஓரத்தில் நின்றாள். அன்றைய பாடம் கிருமிநாசினிகள். சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா சில கிருமிநாசினிக் கரைசல்களுக்குள்ளேயே குடியிருக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

“மேடம், வார்டில் ஃபோர்செப்ஸ் நிற்கும் கிருமிநாசினி ஜாடியை யாரும் காலி செய்து நான் பார்த்ததில்லை. குறையக் குறைய மேலே ஊற்றுகிறார்கள். அது சரியா?”

“சிஸ்டரிடம் கேட்டாயா?”

“கேட்டால் என் போஸ்டிங் மதிப்பெண் என்னவாகும் மேடம்?”

போஸ்டிங் என்பது மாணவிகள் வார்டில் செய்யும் பயிற்சி, அதற்கு மதிப்பெண் போடுவது வார்டுதான். முதல் கேள்விக்கு ஏழு நாளில் விடை கிடைத்தது. இரண்டாவது கேள்வி இன்னும் எங்கள் கல்லூரியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதே பாடத்தை நடத்தும் மற்றவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன். கல்லூரி, மருத்துவமனை, ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை.

அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது

இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டப்படி பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் செமஸ்டரில் நுண்ணுயிரியலும் தொற்றுக் கட்டுப்பாடும் ஒரே பாடமாக வருகின்றன. வகுப்புக்கு 40 மணி நேரம், செய்முறைக்கு 40 மணி நேரம். இதற்குள் பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, தடுப்பூசி, கை கழுவுதல், கழிவுப் பைகளின் நிறம் எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும். ஆகையால் எல்லோரும் செய்வதையே நானும் செய்துகொண்டிருந்தேன். பாடத்தை எண்களாகக் கொடுத்தேன். அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் என்றால் 121 டிகிரி, 15 நிமிடம். சோப்பு போட்டுக் கை கழுவ 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 விநாடி. கை கழுவ வேண்டிய, உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து தருணங்கள். கை கழுவுதலை வலியுறுத்திய மருத்துவர் செம்மல்வைஸ், வியன்னா, 1847. மாணவிகள் இவற்றை மனப்பாடச் செய்யுள் போல ஒப்பிப்பார்கள்.

இந்தக் கேள்வி வருவதற்குச் சில நாட்கள் முன்புதான் உள்தேர்வு நடந்திருந்தது. கிருமிநாசினிகளை வகைப்படுத்தச் சொல்லியிருந்தேன். விடைத்தாள்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செட்ரிமைடு ஒரு நான்கிணைய அம்மோனியச் சேர்மம் என்று அட்டவணை போட்டு, அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்கள். அதே பெண்கள்தான் காலையில் வார்டில் அந்த ஜாடியிலிருந்து ஃபோர்செப்ஸை எடுத்துக் கட்டு மாற்ற உதவிவிட்டு மதியம் தேர்வெழுத வந்தவர்கள். தாளில் எழுதிய செட்ரிமைடும் ஜாடிக்குள் இருக்கும் மஞ்சள் நீரும் ஒன்றுதான் என்பது வகுப்பில் ஒருத்திக்குத்தான் உறைத்தது. அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்து வைத்து நான் ஒரு நாளும் காட்டியதில்லை.

ஜாடி

மறுநாள் வேறு வேலையாகப் போவதுபோல் வார்டுக்குப் போனேன். டிரெஸ்ஸிங் டிராலியின் மேல்தட்டில் ஸ்டீல் ஜாடி. அதில் செட்ரிமைடும் குளோர்ஹெக்சிடினும் கலந்த கரைசல், பாதிக்கு மேல். உள்ளே ‘சீட்டில்’ (Cheatle) என்ற வகை ஃபோர்செப்ஸ், அதாவது டிரம்மிலிருந்து காஸ் என்னும் கட்டுத்துணி, பஞ்சு எடுத்துக் கிட்னி டிரேயில் போடுவதற்கான நீண்ட இடுக்கி. கை படாமல் எடுக்கிறோம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் முழு நியாயமும். இடுக்கியின் முனை மழுங்காமல் இருக்க ஜாடியின் அடியில் ஒரு காஸ் துண்டை மடித்துப் போட்டிருந்தார்கள். ஜாடியில் அளவுக்கோடு இல்லை. தேதிச் சீட்டும் இல்லை.

அந்த காஸ் துண்டு என்னை உறுத்தியது. செட்ரிமைடு போன்ற சேர்மங்களைப் பஞ்சும் துணியும் தம்மிடம் இழுத்துக்கொள்ளும். கரைசலில் மிஞ்சும் வீரியம் குறையும். கூர்மையைக் காப்பாற்றப் போட்ட துணி மருந்தைத் தின்றுகொண்டிருந்தது. கரைசல் கலக்குவதும் கண் அளவில்தான் நடந்தது. மூடியால் மருந்தை ஊற்றி, மீதிக்குக் குழாய்த் தண்ணீர். இடுக்கி சில நேரம் நோயாளியின் கட்டருகே போய்விட்டுத் திரும்பியிருக்கும். சீழ், இரத்தம், தோல் துணுக்கு எது கலந்தாலும் இந்த வகை மருந்து மந்தமாகிவிடும்.

அந்த வாரம் வார்டில் இரண்டு நோயாளிகளின் கட்டுகளில் பச்சை படிந்திருந்தது. கல்ச்சரில், அதாவது ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்ததில், இரண்டுமே சூடோமோனாஸ் ஏருஜினோசா. அந்த இனப்பெயரின் வேர், செம்பில் படியும் பச்சைக் களிம்பைக் குறிக்கும் லத்தீன் சொல். வீட்டில் புளி போட்டுச் செம்பு தேய்த்த பெண்களுக்கு இதைச் சொன்னால் பெயர் மறக்காது. கிருமி சுரக்கும் பயோசயானின் என்ற நீலப்பச்சை நிறமிதான் அந்த நிறத்துக்குக் காரணம். இந்தக் கிருமியின் வாசனை திராட்சையை ஒத்தது என்று பாடநூல்கள் எழுதும். கிருமி வளர்க்கும் அகர் கூழ்த் தட்டைத் திறந்ததும் எங்கள் தேனிப் பெண் ஒருத்தி “பன்னீர் திராட்சை” என்று திருத்தினாள். ஊர்க்காரி, அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கிருமி வளர்ந்த தட்டை முகர்ந்து பார்க்கக் கூடாது என்று அதற்கு முன்பே மூன்று முறை சொல்லியிருந்தேன் என்பது வேறு விஷயம்.

சிஸ்டரிடம் போன விதம்

எனக்குச் சோதனையைவிடக் கடினமாக இருந்தது இந்தப் பகுதிதான். எளிய வழி ஒன்று இருந்தது. ஜாடியிலிருந்து பத்து மில்லி எடுத்து, கல்ச்சர் போட்டு, முடிவை மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அனுப்பிவிடலாம். விதிப்படி அதில் தவறில்லை. ஆனால் மறுநாளே “காலேஜ் பிள்ளைகள் வந்து நம் வார்டைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள்” என்ற பேச்சு மூன்று மாடிக்கும் பரவும். போஸ்டிங்கில் மீதமிருந்த வாரங்களில் அந்த மாணவிகளுக்கு ஊசி எடுத்துக் கொடுக்கும் வேலைகூடக் கிடைக்காது.

ஆகவே இன்சார்ஜ் சிஸ்டரிடம் நேரே போய், மாணவிகளுக்குக் கிருமிநாசினிச் சோதனை ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும், பயன்பாட்டில் இருக்கும் கரைசல் வேண்டும், உங்கள் வார்டில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். இருபது வருடத்துக்கு மேல் வார்டு பார்த்தவர். என் முகத்தைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

“மேடம், தினம் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? என்னிடம் இருப்பது ஒரே ஜாடி. காலையில் ஆட்டோகிளேவுக்கு அனுப்பினால் மதியம் மூன்று மணிக்குத்தான் திரும்பி வரும். அதுவரை காஸை எதனால் எடுப்பது, என் கையாலா?”

இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த முக்கியமான தகவல் இதுதான், எந்த அகர் தட்டிலிருந்தும் வந்ததல்ல. அறியாமை என்று நான் மனதுக்குள் எழுதி வைத்திருந்த காரணத்தை அடித்துவிட்டு, ஜாடி போதவில்லை என்று எழுதிக்கொண்டேன். வகுப்பில் இன்னும் பத்து மணி நேரம் பாடம் நடத்தியிருந்தாலும் இரண்டாவது ஜாடி முளைத்திருக்காது.

கரைசலை அவரே ஊற்றிக் கொடுத்தார்.

சோதனை

1966-இல் பிரிட்டனில் கெல்சி, மாரர் இருவரும் வெளியிட்ட ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு கிருமிநாசினி புட்டியில் இருக்கும்போது எப்படி என்று அது கேட்பதில்லை. வார்டில் பயன்பாட்டில் இருக்கும்போது உள்ளே உயிர் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. பெரிய கருவி எதுவும் வேண்டாம், நர்சிங் கல்லூரியின் சிறிய ஆய்வகத்திலேயே செய்யலாம். இருந்தும் பல கல்லூரிகளில் இதற்கு ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம்தான், செய்முறையில் இடமில்லை. எங்கள் கல்லூரியும் அப்படித்தான் இருந்தது.

கரைசலில் 1 மில்லி எடுத்து 9 மில்லி நீர்ப்புத் திரவத்தில் கலக்க வேண்டும். செட்ரிமைடு வகைக்கு அந்தத் திரவம் ட்வீன் 80 சேர்த்த நியூட்ரியன்ட் பிராத் என்னும் ஊட்டச் சாறு. ட்வீன் 80-ஐ ஏன் சேர்க்கிறோம் என்பதை மாணவிகளிடமே கேட்டேன். நீண்ட மௌனம். பிறகு ஒருத்தி, “மருந்தைக் கட்டிப்போடத்தானே மேடம், இல்லையென்றால் தட்டிலும் அது வேலை செய்துகொண்டே இருக்குமே” என்றாள். சரியான விடை. மருந்தின் வேலையை நிறுத்தாமல் வளர்த்தால், உயிரோடு இருக்கும் கிருமிகூட வளராமல் கிடந்து, எல்லாம் சுத்தம் என்று நம்மை ஏமாற்றிவிடும்.

கலந்த ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு அகர் தட்டுகளில், தட்டுக்குப் பத்துச் சொட்டு, ஒவ்வொன்றும் 0.02 மில்லி. ஒரு தட்டு 37 டிகிரியில் 3 நாள். இன்னொன்று அறை வெப்பத்தில் 7 நாள். எந்தத் தட்டிலாவது 5 காலனிக்கு, அதாவது கண்ணுக்குத் தெரியும் கிருமித் திட்டுக்கு, மேல் வந்தால் கரைசல் தோற்றது. இந்த அறை வெப்பம் பிரிட்டனின் அறை வெப்பம். பங்குனியில் எங்கள் ஆய்வக மேசை ஏறத்தாழ இன்குபேட்டர்தான். ஆகவே இரண்டு தட்டுகளுக்கும் எங்கள் ஊரில் பெரிய வித்தியாசம் இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஐந்து என்ற எண் மாணவிகளுக்கு அற்பமாகத் தெரிந்தது. கணக்குப் போடச் சொன்னேன். பத்துச் சொட்டு 0.2 மில்லி. அது பத்து மடங்கு நீர்த்தது, ஆக மூலக் கரைசலில் 0.02 மில்லி. அதில் 5 என்றால் மில்லிக்கு 250. அரை லிட்டர் ஜாடியில் ஒன்றேகால் லட்சம். தேர்ச்சி பெற்ற ஜாடியிலேயே அத்தனை இருக்கலாம். கரும்பலகையில் அந்த எண்ணை எழுதியதும் முன் வரிசையில் ஒருத்தி தன் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

மூன்று மாதிரிகள் வைத்தோம்: ஜாடிக் கரைசல், அதே மருந்தைச் சீட்டில் உள்ளபடி அளந்து புதிதாகக் கலந்தது, கலக்கப் பயன்பட்ட குழாய்த் தண்ணீர். மறுநாள் காலை தட்டுகளைப் பார்க்க என்னைவிட முன்னால் வந்து கதவருகே நின்றார்கள். இதற்கு முன் எந்தச் செய்முறை வகுப்புக்கும் அப்படி நின்றதில்லை.

புதிதாகக் கலந்ததில் ஒன்றுமில்லை, தட்டு துடைத்துவிட்டது போல இருந்தது. தண்ணீரில் சில காலனிகள் சிதறிக் கிடந்தன. ஜாடித் தட்டில் பத்துச் சொட்டும் பத்துப் பச்சைப் பொட்டுகளாக நின்றன. எண்ணுவதற்கு எதுவும் தனியாக இல்லை. ஆக்சிடேஸ் தாளில் தேய்த்ததும் ஊதா. கிராம் சாயத்தில் மெல்லிய சிவப்புக் கோல்கள். சூடோமோனாஸ்தான்.

உறுதிப்படுத்தச் செட்ரிமைடு அகரில் ஏற்றினோம். மற்ற பல பாக்டீரியாக்களை அடக்கிவிட்டு இந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதற்காக ஆய்வகங்கள் பயன்படுத்தும் ஊடகம் அது. தேர்ந்தெடுக்கும் வேலையைச் செய்வதும் செட்ரிமைடுதான். புட்டியின் சீட்டைப் படித்த அந்தப் பெண், முதலில் ஜாடியைப் பற்றிக் கேட்ட அதே பெண்தான், நிமிர்ந்து பார்த்தாள். “வார்டில் கொல்வதற்கு ஊற்றுகிறோம், இங்கே வளர்ப்பதற்கு ஊற்றுகிறோமா?” என்றாள். இந்த முரணை நான் பல ஆண்டுகளாக இரண்டு வெவ்வேறு அத்தியாயங்களில் நடத்தி வந்திருக்கிறேன். ஒன்றுக்கொன்று முகம் பார்த்ததில்லை.

எந்தெந்த மருந்துக்கு அடங்கும் என்று காட்டும், ஜாடிக் கிருமியின் மருந்து உணர்வுப் பட்டியலும் அந்த இரண்டு நோயாளிகளில் ஒருவருடையதும் ஒத்துப்போயின. மாணவிகள் உடனே தீர்ப்பு எழுதத் தயாரானார்கள். தடுக்க வேண்டியிருந்தது. பட்டியல் ஒத்துப்போவதால் இரண்டும் ஒரே கிருமி என்று ஆகிவிடாது. ஒரே மருத்துவமனையில் சுற்றும் வேறு வேறு கிளைகளும் ஒரே பட்டியலைக் காட்டலாம். ஜாடியிலிருந்து புண்ணுக்குப் போனதா, புண்ணிலிருந்து ஜாடிக்கு வந்ததா என்பதும் தட்டில் எழுதியிருக்காது. மரபணு ஒப்பீடு வேண்டும், அந்த வசதி எங்களிடம் இல்லை. ஜாடியில் கிருமி இருக்கிறது, அந்த ஜாடி டிராலியில் இருக்கக் கூடாது. அறிக்கையில் அவ்வளவுதான் எழுதினோம்.

உறை

இது புதிய செய்தி இல்லை. பர்மிங்ஹாமில் தீக்காயப் பிரிவில் பணியாற்றிய லோபரி, செட்ரிமைடுக் கரைசல்களில் சூடோமோனாஸ் புகுவதையும் புட்டிகளின் கார்க் மூடி அதற்கு இடம் கொடுப்பதையும் 1951-லேயே எழுதிவிட்டார். இந்தக் கிருமிக்கு மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் உண்டு. ஜாடியின் சுவரில் வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கரைசல் உள்ளே ஊடுருவுவது கடினம். உணவும் அதிகம் கேட்காது, காய்ச்சி வடித்த நீரிலேயே பிழைக்கும்.

இத்தனையையும் விளக்கினேன். தலையாட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “மேடம், அப்படியென்றால் இது உறை ஊற்றுவதுதானே?” என்றாள்.

அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. நேற்றைய மோரில் ஒரு கரண்டி இன்றைய பாலில் விழுந்தால் நாளைக் காலை தயிர். மாவு அரைத்தால் பழைய மாவில் கொஞ்சம் கலந்து வைப்பார்கள். ஜாடியைக் காலி செய்து, கழுவி, ஆட்டோகிளேவ் செய்யாமல் மேலே ஊற்றும் ஒவ்வொரு முறையும் அடியில் கிடப்பது உறைமோர். பம்பு, படலம் எல்லாம் அதற்குப் பிறகு தானாகப் போய் உட்கார்ந்தன. நான் “டாப் அப் செய்யக் கூடாது” என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எங்கள் மாணவிகளின் ரெக்கார்டு நோட்டில் “உறை ஊற்றக் கூடாது” என்றே இருக்கிறது. வெளித்தேர்வாளர் ஒருவர் அதைச் சிவப்பு மையால் சுழித்துக் கேள்விக்குறி போட்டார். விளக்கியதும் சிரித்துவிட்டு மதிப்பெண் கொடுத்தார்.

வார்டில் மாறியது, வகுப்பில் மாறியது

முடிவை முதலில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் காட்டினோம், அவரோடு சேர்ந்து தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடம். அறிக்கையில் முதல் பரிந்துரையாக அவர் சொன்னதையே எழுதினோம்: கூடுதல் ஜாடிகளும் ஃபோர்செப்ஸும். அவை வந்தன. இப்போது கரைசலே இல்லை. ஆட்டோகிளேவ் செய்த உலர்ந்த ஜாடியில் உலர்ந்த ஃபோர்செப்ஸ், ஷிஃப்டுக்கு ஒன்று, திறந்த நேரம் எழுதிய சீட்டோடு. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி டிரெஸ்ஸிங் பொட்டலம் வந்தால் இன்னும் நல்லது. அதற்கு ஆட்டோகிளேவ் இடம் போதவில்லை.

வகுப்பில், செய்முறைக்கான நேரத்தில் ஒரு பகுதியை வார்டுக் கேள்விகளுக்கு ஒதுக்கினேன். நான்கு பேர் சேர்ந்து ஒரு கேள்வி. அதற்காக வேறு சில படங்கள் வரைவது போயிற்று. யாரும் வருந்தவில்லை.

மதிப்பெண் பயம்தான் பாக்கி. “தவறைக் கண்டால் சொல்லுங்கள்” என்று மேடையிலிருந்து சொல்வது சுலபம். பத்தொன்பது வயதுப் பெண், இருபது வருட சிஸ்டரிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பாள்? அதை எழுதிப் பழகினோம். “சிஸ்டர், இதை மாற்ற வேண்டாமா?” என்பதில் குற்றச்சாட்டு இருக்கிறது. “சிஸ்டர், இதை எப்போது மாற்றியது என்று எனக்குச் சொல்கிறீர்களா, ரெக்கார்டில் எழுத வேண்டும்” என்பதில் இல்லை. நடித்தும் பார்த்தோம். சிஸ்டர் வேடம் போட்டவர்கள் காட்டிய மிடுக்கைப் பார்த்தால், யாரிடம் எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. போஸ்டிங் மதிப்பெண்ணை வார்டு மட்டும் போடாமல் எங்கள் ஆசிரியரும் சேர்ந்து போடலாம் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

சரிவராதவை

அடுத்த அணி மாணவிகள் உற்சாகத்தில் எல்லாவற்றையும் கல்ச்சர் போட்டார்கள். தரை, ஜன்னல் கம்பி, லிஃப்ட் பொத்தான், ஒரு டாக்டரின் பேனா. எல்லாவற்றிலும் காலனி வந்தது, வரத்தான் செய்யும். காரணம் இல்லாமல் சுற்றுப்புறத்தைக் கல்ச்சர் போடுவது வீண் என்பதே இன்று ஏற்கப்பட்ட நடைமுறை. எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து என்று தரைக்கு ஒரு எல்லைக்கோடு இல்லை. முடிவு வந்தால் என்ன செய்யப்போகிறோம் என்று முதலில் எழுதிக் காட்டாத குழுவுக்கு இப்போது தட்டு கொடுப்பதில்லை. தட்டுச் செலவும் ஒரு காரணம், மறைப்பானேன்.

இன்னொன்று, சீட்டுகள். சில மாதம் கழித்து ஒரு குழு, ஜாடியில் ஒட்டியிருந்த நேரச் சீட்டுகளைப் படமெடுத்து வந்தது. மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே கையெழுத்து, ஒரே மை, ஒரே சாய்வு. யாரோ வாரத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜாடி உண்மையில் மாறியதா என்று ஆட்டோகிளேவ் பதிவேட்டோடு ஒப்பிட்டோம். மாறித்தான் இருந்தது. அலுப்பில் எழுதிய சீட்டு. இருந்தாலும் பதிவேட்டை ஒப்பிட வேண்டும் என்று மாணவிகளுக்கே தோன்றியது எனக்குப் பிடித்திருந்தது.

சென்ற மாதம் இன்சார்ஜ் சிஸ்டர் முதல்முறையாக எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். தட்டுகளைப் பார்த்தார், மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தார், மாணவிகளோடு பேசிக்கொண்டிருந்தார். கிளம்பும் முன் கை கழுவத் தொட்டியருகே போனவர், சோப்புத் திரவப் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அங்கே இருக்கும் புட்டி. குறையக் குறைய ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

“மேடம், இதை எப்போது கழுவினீர்கள் என்று சொல்கிறீர்களா?”

மாணவிகள் யாரும் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று மதியமே அதிலிருந்து 1 மில்லி எடுத்தோம்.